ஒரே குடும்பம், இரண்டு கோர்ட்: ஜூனியர் வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் பார் கவுன்சிலில் பதிவு செய்த கையோடு எங்கள் ஊர் கோர்ட்டுக்குப் புதிதாகச் சில பிள்ளைகள் வருகிறார்கள். நன்றாகப் படித்தவர்கள். தீர்ப்புகளை போனிலேயே தேடி எடுத்துவிடுகிறார்கள். ஆனால் என் செட் வக்கீல்கள் ஜூனியராக இருந்தபோது செய்த அதே தவறுகளை, அதே வரிசையில் செய்கிறார்கள். பாதிப்பு வக்கீலுக்கு இல்லை, கட்சிக்காரருக்கு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வக்காலத்தில் கையெழுத்து விட்டுப்போவது, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் குறைவது, வாய்தா தேதியை டைரியில் தப்பாகக் குறிப்பது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. நல்ல குமாஸ்தா இருந்தால் அவரே திருத்திவிடுவார். கிரிமினல் வழக்கும் குடும்ப வழக்கும் சேர்த்து நடத்துகிற, தென் மாவட்ட ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டுக்கும் குடும்பநல நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கும் மாறி மாறி ஓடுகிற வக்கீலுக்கு எது உண்மையில் இடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

482 என்று போட்டால் எது?

2024 ஜூலை 1-ம் தேதிக்கு முன்னால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்கிற குவாஷ் மனு. அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். குவாஷ் 528-க்குப் போய்விட்டது. ஜீவனாம்சத்துக்கான பழைய 125 இப்போது 144. பழைய மனுவை காப்பி செய்து பெயரை மட்டும் மாற்றினால் எங்கே போய் நிற்பீர்கள் என்று புரியும். சம்பவம் அந்தத் தேதிக்கு முந்தையது என்றால் குற்றப்பிரிவு பழைய ஐ.பி.சி.தான். மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கான 498ஏ-வை, புதிய பி.என்.எஸ். சட்டத்தின் 85 என்று திருத்தி எழுத வேண்டாம்.

இரண்டு கோர்ட்டில் இரண்டு கதை

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும், இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

வழக்கமாக நடப்பது இது. மனைவி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறார். சி.எஸ்.ஆர். (புகார் பெற்ற ரசீது) போடுகிறார்கள், கூப்பிட்டுப் பேசுகிறார்கள், சமாதானம் ஆகவில்லை, எஃப்.ஐ.ஆர். ஆகிறது. கணவர் பதறிப்போய் வக்கீலிடம் ஓடிவருகிறார். அன்றைக்கே முன்ஜாமீன் மனு தயாராக வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு மாதிரி மனு இருக்கிறது. அதில் ஒரு பத்தி எப்போதும் இருக்கும்: 'மனுதாரருக்குத் தன் மனைவி மீது எந்த வருத்தமும் இல்லை. இன்றும் அவருடன் சேர்ந்து வாழத் தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறார்.' நீதிபதியின் மனதை இளக்கும் என்று அந்தப் பத்தியை யாரும் எடுப்பதில்லை. முன்ஜாமீன் கிடைக்கிறது. எல்லோருக்கும் நிம்மதி.

கொஞ்ச நாள் கழித்து அதே கணவர் குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டு எச்.எம்.ஓ.பி. மனு போடுகிறார். காரணம், கொடுமை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே மனைவி தன்னைக் கேவலப்படுத்தினார், வயதான அம்மாவைக் கை நீட்டினார், தன்னால் ஒரு நாளும் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதியவர் வேறு வக்கீலாகக்கூட இருப்பார். முன்ஜாமீன் மனுவில் என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

சாட்சியம் தொடங்கும் கட்டத்தில் அப்படி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. தனியார் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர், தன்மையான மனிதர். முதல் விசாரணைக்கான பிரமாணப் பத்திரம் ஏற்கெனவே தாக்கலாகியிருந்தது. முன்ஜாமீன் மனு வழக்குக் கட்டுக்குள் இல்லை. கேட்டதற்கு, 'அது அப்பவே முடிஞ்ச கேஸ்தானே சார்' என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. அந்த மனுவுக்கு முன்பே சான்றிட்ட நகல் வாங்கி வைத்திருந்தார். குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்தவே இல்லை. 'மனைவி மேல் வருத்தம் இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறீர்கள், சரிதானே?' என்றார். 'வக்கீல் எழுதினது. இங்கிலீஷில் இருந்தது. எனக்கு என்ன எழுதினாங்கன்னு தெரியாது' என்றார் இவர். அடுத்த கேள்வி: 'அப்படியென்றால் இந்த விவாகரத்து மனுவில் இருப்பதும் வக்கீல் எழுதியதுதானா?' அவரால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே அந்த வீட்டில் அவர் கஷ்டப்பட்டவர். அதை நம்ப வைக்கிற வாய்ப்பு அந்த இடத்திலேயே போய்விட்டது.

சட்டப்படி பார்த்தால் அந்த ஒரு பத்தியால் மட்டும் கொடுமையை மன்னித்ததாக ஆகிவிடாது. இந்து திருமணச் சட்டம் 23-வது பிரிவுப்படி, மனுதாரர் கொடுமையை மன்னித்து ஏற்கவில்லை என்று கோர்ட் திருப்தி அடைய வேண்டும். மன்னிப்பு என்றால் மன்னித்ததும் வேண்டும், பழையபடி சேர்ந்து வாழ்ந்ததும் வேண்டும் என்று 1975-ல் தாஸ்தானே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை வாதத்தில் எடுத்துச் சொல்லலாம். ஆனால் சாட்சிக்கூண்டில் நிற்பவரின் பேச்சு நம்பும்படி இல்லை என்று நீதிபதிக்கு ஒருமுறை தோன்றிவிட்டால், அதைச் சரிக்கட்ட எந்தத் தீர்ப்பும் உதவாது.

வருமானத்திலும் இதே கதைதான். முன்ஜாமீன் மனுவில் 'மனுதாரர் பொறுப்பான பதவியில் இருப்பவர், சொந்த வீடு உள்ளவர், சமூகத்தில் மதிப்புள்ளவர், தலைமறைவாக மாட்டார்.' ஜீவனாம்ச எதிருரையில் அதே மனிதர் 'நிரந்தர வேலை இல்லாதவர், மாதம் 12,000 ரூபாய் வருமானத்தில் பெற்றோரையும் காப்பாற்றுபவர்.' முன்பெல்லாம் இது தப்பித்துவிடும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்த பிறகு இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வேறு கோர்ட்டில் ஏற்கெனவே ஜீவனாம்ச வழக்கோ உத்தரவோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்தால் பி.என்.எஸ்.எஸ். 379-ல் நடவடிக்கை வரும். அதே பழைய 340. கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார், டைப் செய்தவர் இல்லை.

மனைவி தரப்பில் ஆஜராகும் பிள்ளைகள் இது ஆண்கள் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அங்கே பவுன் கணக்கில் வரும். மகளிர் காவல் நிலையப் புகாரில் நகை பற்றிப் பேச்சே இருக்காது. அழுதுகொண்டே எழுதிக் கொடுத்த புகார், அடித்தார் என்பதோடு நின்றிருக்கும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் போட்ட மனுவில் 30 பவுன். நகையைத் திரும்பக் கேட்கிற மனுவில் 50 பவுன். விவாகரத்து எதிருரையில் 65. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு மனுவையும் ஒவ்வொருவர், ஒவ்வொரு அவசரத்தில், அம்மா சொன்னதையும் மாமா சொன்னதையும் கேட்டு எழுதினார்கள். ஆனால் குறுக்கு விசாரணையில் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது, கல்யாணத்துக்கு உண்மையிலேயே போட்ட நகையும் சேர்ந்து காணாமல் போகிறது. கல்யாண ஆல்பத்தையும் நகைக்கடை ரசீதையும் எடுத்துவைத்து முதல் நாளே எண்ணியிருந்தால் இது நடந்திருக்காது.

அதேபோல் புகாரில் மாமனார், மாமியார், வெளியூரில் கட்டிக்கொடுத்த நாத்தனார், அவர் கணவர் என்று எல்லோரையும் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்ப்பது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக ஒரு வரிகூட இருக்காது. பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டில் உறவினர்களை இழுக்கக் கூடாது என்று 2010-ல் ப்ரீத்தி குப்தா வழக்கிலும் 2022-ல் கஹ்கஷான் கவுசர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாத்தனார் மேல் வழக்கு ரத்தாகும்போது, அந்த உத்தரவின் நகல் குடும்பநல நீதிமன்றத்துக்கும் வந்து சேரும். உண்மையாக அடித்த கணவருக்கு அது உதவும்.

இன்னொன்று, கிரிமினல் பக்கம் மட்டும் பார்க்கிறவர்கள் கவனிக்காதது. பொய்யான கிரிமினல் புகார் கொடுப்பதே கொடுமைதான், அதை வைத்து விவாகரத்து கேட்கலாம் என்று 2014-ல் கே. ஸ்ரீனிவாஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதை நம்பி விவாகரத்து மனு போட்டுவிட்டு, இந்தப் பக்கம் ஜே.எம். கோர்ட்டில் பெரியவர்கள் பேசி முடித்தார்கள் என்று மனைவியைப் பிறழ் சாட்சியாக்கி விடுதலை வாங்குகிறார்கள். சாட்சி பிறழ்ந்ததால் வந்த விடுதலையை வைத்துக்கொண்டு புகார் பொய் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? எந்த முடிவு வேண்டும் என்று முதலிலேயே கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

நான் என் ஆபீஸில் வைத்திருக்கும் வழக்கம் இது. குடும்பப் பிரச்சினை என்று யார் வந்தாலும், கணவரோ மனைவியோ, முதலில் மனு எழுதுவதில்லை. ஒரு தேதிப் பட்டியல். நிச்சயம், கல்யாணம், தனிக்குடித்தனம், முதல் சண்டை, பிரசவம், பிறந்த வீட்டுக்குப் போனது, திரும்ப வந்தது, புகார், பஞ்சாயத்து. தேதி ஞாபகம் இல்லை என்றால் 'பொங்கலுக்கு முன்னால்' என்று அப்படியே எழுதலாம், கற்பனையாக ஒரு தேதி போடக் கூடாது. அவர் சொல்கிற மொழியிலேயே எழுதி, திரும்ப அவருக்குப் படித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவேன். முன்ஜாமீனோ ஜீவனாம்சமோ விவாகரத்தோ, எல்லா மனுவும் அந்தத் தாளிலிருந்துதான் பிறக்க வேண்டும். ஏற்கெனவே வேறு வக்கீல் போட்ட மனு இருந்தால் சான்றிட்ட நகல் வராமல் புதிய மனு போகாது. ஆங்கில மனுவில் 'படித்துக் காட்டி தமிழில் விளக்கப்பட்டது' என்று அச்சடித்திருக்கிறதே, அதை உண்மையாகவே செய்யுங்கள். அரை மணி நேரம் ஆகும். கட்சிக்காரரே இடையில் நிறுத்தி, 'அப்படி நடக்கலையே சார்' என்பார். அதைக் கோர்ட்டில் சொல்வதற்குப் பதில் உங்கள் ஆபீஸில் சொல்லட்டும்.

முன்ஜாமீனில் சேர்ந்து வாழ்கிறேன் என்று எழுதாவிட்டால் கிடைக்குமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். கிடைக்கும். 7 வருடத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ்தான் காரணம் சொல்ல வேண்டும் என்பது 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு. அதுவே 498ஏ வழக்கில் வந்த தீர்ப்புதான். விசாரணைக்கு ஒத்துழைப்பார், கூப்பிட்டால் வருவார் என்று எழுதினால் போதும். மனதில் இல்லாத பாசத்தை மனுவில் எழுத வேண்டாம்.

குழந்தையை வைத்துப் பேரம்

செய்யாதீர்கள். கட்சிக்காரர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

அறுபதாவது நாளை எண்ணத் தெரியாமல் இருப்பது

ரிமாண்டில் இருப்பவருக்கு 60 நாளுக்குள், பெரிய குற்றங்களில் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் கட்டாய ஜாமீன். பழைய 167(2), இப்போது 187(3). இது எல்லோருக்கும் தெரியும். எண்ணுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். கைதான நாள் கணக்கில்லை, ரிமாண்ட் செய்த நாள்தான் கணக்கு. அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் கபில் வாதவன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவிட்டது. மார்ச் 1-ல் ரிமாண்ட் என்றால் மார்ச்சில் 31, ஏப்ரலில் 29. ஏப்ரல் 29 அறுபதாவது நாள். ஏப்ரல் 30 காலையில் கோர்ட் திறக்கும்போது உங்கள் மனு உள்ளே போக வேண்டும்.

காலையில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை போதைப்பொருள் வழக்கு ஒன்றில், எம். ரவீந்திரன் வழக்கு, அந்த வழக்குக்கான கெடுவான 180 நாள் முடிந்த மறுநாள் 2019 பிப்ரவரி 1-ம் தேதி காலை 10.30-க்கு ஜாமீன் மனு போனது. அதே நாள் மாலை 4.25-க்கு அரசுத் தரப்பு, குற்றப்பத்திரிகை போன்ற கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. விசாரணை நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மனு முதலில் வந்துவிட்டது என்று சொல்லி ஜாமீனைத் திரும்பக் கொடுத்தது. அந்த மனு மாலை 5 மணிக்குப் போயிருந்தால் உரிமை போயிருக்கும். அதனால் தாக்கல் செய்த நேரம் மனுவில் பதிவாகிறதா என்று நின்று பாருங்கள்.

ஜூனியர்கள் செய்வது என்னவென்றால், செஷன்ஸ் கோர்ட்டில் சாதாரண ஜாமீன் மனு நிலுவையில் இருக்கிறது, அது வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை ஜே.எம். கோர்ட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த மனு வேறு, இது வேறு. அதோடு சாதாரண ஜாமீன் மனுவில் ஆர்வக்கோளாறில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2020-ல் சரவணன் வழக்கு மதுரைக் கிளையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது இதனால்தான். முந்தைய ஜாமீன் மனுவின்போது மனைவி பணம் கட்டுவதாகப் பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். கட்டாய ஜாமீனிலும் 8 லட்சம் கட்டச் சொல்லி நிபந்தனை வந்துவிட்டது. கட்டாய ஜாமீனுக்கு அப்படி ஒரு நிபந்தனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் அவர் அதுவரை உள்ளேதான் இருந்தார்.

சஜெஷன் என்ற பெயரில் வாய்க்கு வந்தது

குறுக்கு விசாரணையில் 'நடந்தது இதுதான்' என்று நம் தரப்பைச் சாட்சியிடம் சொல்லிக் கேட்பதுதான் சஜெஷன். ஒரு அடிதடி வழக்கு. எதிரி அந்த இடத்திலேயே இல்லை என்பதுதான் நம் தரப்பு. குறுக்கு விசாரணை சூடு பிடித்ததும், சாட்சியின் வாக்குமூலத்தில் இப்படி ஒரு வரி ஏறுகிறது: 'நான் முதலில் அரிவாளை வீசியதால்தான் எதிரி கட்டையால் தடுத்தார் என்று சொன்னால் சரியல்ல.' சாட்சி மறுத்துவிட்டார் என்று ஜூனியர் நிம்மதியாக உட்கார்கிறார். எதிரி அங்கே இருந்தார், கையில் கட்டை இருந்தது என்று சொன்னது யார்? எதிரியின் வக்கீல். சஜெஷனை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, ஆனால் மற்ற சாட்சியத்தோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று 2023-ல் பாலு சுதாம் கல்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போட வேண்டிய சஜெஷன்களை முதல் நாள் இரவே எழுதிக்கொண்டு போங்கள். தாளில் இல்லாததைக் கேட்காதீர்கள்.

போன் ரெக்கார்டிங்

கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாகலாம் என்று 2025 ஜூலையில் விபோர் கர்க் வழக்கில் வந்துவிட்டது. முழுப் பேச்சையும் கேட்காமல் தாக்கல் செய்யாதீர்கள்.

ஒரிஜினல் ஆவணங்கள்

வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஜெராக்ஸ் போதும். தாக்கல் செய்கிற அன்று கொண்டு வரச் சொல்லுங்கள்.

சமரசம் முடிந்ததும் மொத்தப் பணத்தையும் கொடுப்பது

இந்து திருமணச் சட்டம் 13பி-யில் மனமொத்த விவாகரத்து என்று முடிவானதும் எல்லோருக்கும் சீக்கிரம் முடிக்க ஆசை. முதல் மனு தாக்கலாகும் அன்றே முழுத் தொகையும் கைமாறுகிறது. ஆனால் டிக்ரி ஆகும் வரை சம்மதம் நீடிக்க வேண்டும், இடையில் யாரும் பின்வாங்கலாம் என்பது 1991 சுரேஷ்டா தேவி வழக்கிலிருந்து உள்ள நிலை. ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் தீர்ப்பு வந்திருக்கிறது, ஆனால் அதைத் தனியாக மனு போட்டுத்தான் கேட்க வேண்டும். அந்த இடைவெளியில் மனம் மாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பணத்தை வாங்கியவர் வராமல் போவதும் உண்டு, பாதி கொடுத்தவர் மீதியைக் கொடுக்காமல் இழுப்பதும் உண்டு. இரண்டு பேருக்கும் பாதுகாப்பு தவணைதான். முதல் மனுவில் ஒரு பகுதி, இரண்டாவது மனுவில் ஒரு பகுதி, மீதி கிரிமினல் வழக்கு ரத்தாகும் அன்று. எல்லாம் டி.டி.யாக, நீதிபதி முன்னால், நம்பரோடு பதிவாகட்டும்.

கிரிமினல் வழக்கு தானாக முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விவாகரத்து டிக்ரி வந்தால் 498ஏ போகாது. நம் மாநிலத்தில் அது ஜே.எம். கோர்ட்டில் சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றமும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் குவாஷ் மனு போட்டு, இரண்டு பேரும் ஆஜராகி, கூட்டு மெமோ கொடுத்துத்தான் முடிக்க வேண்டும். 2003 பி.எஸ். ஜோஷி தீர்ப்பிலிருந்து அந்த வழி திறந்திருக்கிறது. சமரசப் பத்திரத்திலேயே குவாஷுக்கு மனைவி வந்து ஒத்துழைப்பார் என்றும், நகைகள் எந்தப் பட்டியல்படி திரும்பின என்றும் எழுதிவிடுங்கள்.

குவாஷ் உத்தரவு வந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. நகல் வாங்கி, ஜே.எம். கோர்ட்டில் மெமோவோடு தாக்கல் செய்து, அந்த வழக்கு முடிந்ததாகக் குறித்துவிட்டார்களா என்று கோர்ட் பதிவேட்டில் பாருங்கள். அது நடக்கவில்லை என்றால் அடுத்த வாய்தாவுக்கு எதிரி வரவில்லை என்று பிடிவாரண்ட் போகும். வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போன ஒரு பையனுக்கு அப்படித்தான் போலீஸ் வெரிஃபிகேஷனில் பழைய வழக்கு வந்து நின்றது. வாரண்டை ரீகால் செய்ய மறுபடி ஒரு மனு, மறுபடி அலைச்சல்.